அகதிப் பிள்ளைகளின் கல்விக் கொள்கையில் சர்வதேச அமைப்புகளுக்கு என்ன பங்கு?

அடைக்கலம் தேடி வந்த பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த மொழியில் படிக்கலாம், எந்தத் தேர்வு எழுதலாம் என்று ஒரு நாடு வகுக்கும் விதிகளே அகதிக் கல்விக் கொள்கை.

தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களைப் போலவே நடத்தச் சொல்கிறது 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு. ஆனால் ஒப்பந்தத்தைவிடப் பணத்துக்கு வலு அதிகம். வீடு கட்டுவது நாம்தான். கடன் தரும் வங்கியோ வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் பணத்தை விடுவிக்கும். உலக வங்கி நிதியும் அப்படித்தான்: பள்ளியை நடத்துவது நாடு, ஆனால் அகதிகள் குறித்த அதன் கொள்கையைப் பார்த்த பிறகுதான் பணம் வரும்.

முகாமுக்கெனத் தனிப் பள்ளி வேண்டாம், தேசியப் பள்ளிகளிலேயே சேருங்கள் என்று 2012 முதல் ஐ.நா. அகதிகள் ஆணையம் வலியுறுத்துகிறது. மிகச் சரியான திருப்பம் இது. முகாமில் பழைய நாட்டுப் பாடத்தைப் படித்த பிள்ளையின் சான்றிதழைப் புதிய நாட்டுக் கல்லூரி ஏற்காவிட்டால், அத்தனை வருட உழைப்பும் வீண்.

ஐ.நா. உத்தரவிட்டால் நாடுகள் செய்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சேர்க்கை மேசையில் ‘மாற்றுச் சான்றிதழ் எங்கே?’ என்று கேட்கும் விதியைத் தளர்த்த அந்தந்த அரசால்தான் முடியும்.