ஜாகுவார் எஃப்-டைப் வி8: தடிமனான ஹீட் எக்ஸ்சேஞ்சரா, அகலமானதா?

இன்டர்கூலர் கூலன்டை ஆற்றும், முன்னால் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாற்றப் போகிறேன், தடிமனானதா அகலமானதா என்று கேட்டிருக்கிறீர்கள். அகலமானதையே எடுங்கள். தடிமன் கூடினால் பின்வரிசைக் குழாய்களுக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் போய்ச் சேரும். பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று குறையும்.

ஆனால் உடனே வாங்காதீர்கள். உச்சிப்புளி தாண்டி இரண்டு தடவை அழுத்தி மிதித்ததும் இன்டேக் வெப்பம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு) 75 டிகிரிக்கு ஏறியது, அப்புறம் சீராக 80 கி.மீ. வேகத்தில் போயும் இறங்கவில்லை என்கிறீர்கள். அந்த இறங்காததுதான் இடிக்கிறது. எக்ஸ்சேஞ்சர் சிறியது என்றால் சூடு ஏறும். காலைத் தளர்த்தினால் மெதுவாகவாவது இறங்கும். இறங்கவே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் இந்தக் கூலன்டைச் சுற்றவிடும் இன்டர்கூலர் பம்ப் மேல்தான். சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால் லைனில் காற்று அடைத்திருக்கலாம்.

பார்க்க வேண்டியது:

1. எக்ஸ்சேஞ்சரின் முன்பக்க ஃபின்களில் (மெல்லிய தகடுகளில்) மணலும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? தனுஷ்கோடி ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது சகஜம்.

2. ஓட்டி நிறுத்தியதும், விசிறி நின்ற பிறகு, எக்ஸ்சேஞ்சரின் இரண்டு குழாய்களையும் துணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். உள்ளே போவது கொதித்து, வெளியே வருவது ஆறிக் கிடந்தால் கூலன்ட் ஓட்டம் குறைவாக இருக்கலாம். பம்பைப் பாருங்கள், லைனில் காற்றை எடுங்கள். ஃபின் சுத்தமாக இருந்தும் இரண்டும் ஏறக்குறைய ஒரே கொதிசூடு என்றால் எக்ஸ்சேஞ்சரின் கோர் (உள்ளே இருக்கும் குழாய்-ஃபின் தொகுதி) போதாமல் இருக்கலாம். பம்ப் ஓடுவதை உறுதி செய்துகொண்டு அப்போது தாராளமாக வாங்குங்கள்.

ஒன்று, பூச்சில்லாத வெறும் அலுமினியம் நம் உப்புக் காற்றுக்குத் தாங்காது. மெல்லிய பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும்.