கேள்வி நேரம்: பால்மரம் பிறந்த நாட்டுக்கு ஒரு பயணம்

தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வாசகர்கள் சிலர், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரத்தின் தாய்நாடான பிரேசிலுக்குப் போய்வரக் கிளம்புகிறார்கள். அவர்களும் அக்கம்பக்கத்து வாசகர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பால்மர விதையை வெள்ளைக்காரன் பிரேசிலிலிருந்து திருடிக்கொண்டு வந்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா? நம் பேராக்குக்கு அது எப்படி வந்தது?
*– ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்*

பிரேசிலில் இன்றும் அதைத் திருட்டு என்றுதான் சொல்கிறார்கள், ஐயா. ஆனால் ஹென்றி விக்காம் 1876-இல் தபஜோஸ் ஆற்றங்கரைக் காட்டில் 70,000 விதைகளைச் சேர்த்துக் கப்பலேற்றியபோது, விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் எதுவும் அங்கே இல்லை. மகாராணியின் தோட்டத்துக்குப் போகும் மென்மையான தாவரப் பொருள் என்று சொல்லிச் சுங்கத்தைத் தாண்டினார். அதிகாரியின் கண்ணில் மண்ணைத் தூவினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆயிரம் விதைக்கு 10 பவுன் தருவதாக அவரிடம் பேசியிருந்தார்கள்.

அவ்வளவு அவசரம் ஏன் என்றால், பால்மர விதையில் எண்ணெய் அதிகம். விழுந்த சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தி போய்விடும். லண்டன் கியூ தோட்டத்தில் விதைத்ததில் முளைத்தவை ஏறக்குறைய 2,700தான். நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை. முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் ரெசிடெண்ட் (பிரிட்டிஷ் ஆலோசகர்) ஹியூ லோவின் கோலகங்சார் வளாகத்தில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகப் பக்கம் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. பிரேசில் போவதற்கு முன்னால் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள், டிக்கெட் கிடையாது.

கன்று வந்ததும் தோட்டம் வந்துவிடவில்லை. 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, பட்டையை மெல்லச் சீவி, உள்மரத்தில் காயம் படாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கலாம் என்று காட்டிய பிறகுதான் தோட்டக்காரர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. மலாக்காவில் டான் சாய் யான் 1896-இல் பயிரிட்டார். 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசில் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது.

அமேசானில் ரப்பர் வரலாற்றைக் கண்ணால் பார்க்க எங்கே போக வேண்டும்? எந்த மாதம் நல்லது?
*– வாசகி, கோலகங்சார்*

மனாவுஸ் நகரத்துக்குப் போங்கள், அம்மா. நம் கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது என்றால், மனாவுஸ் தெற்கே 3 பாகையில் இருக்கிறது. அதே புழுக்கம், அதே மாலை மழை. நேர வித்தியாசம் சரியாக 12 மணி. கைக்கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம்.

நகர நடுவில் அமேசானாஸ் நாடக அரங்கம் இருக்கிறது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலத்தில், 1896-இல் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து பளிங்கும் இரும்பும் கண்ணாடி விளக்கும் கப்பலில் வந்தன. கூரைக் கும்மட்டத்தில் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள். வழிகாட்டியோடு உள்ளே போனால் மேல்மாடி நடன அறையையும் காட்டுவார்கள்.

ஆனால் நாடக அரங்கத்தோடு திரும்பிவிட்டால் முதலாளி வீட்டை மட்டும் பார்த்த கதைதான். ஊருக்கு வெளியே, மெரினா டோ டாவி படகுத்துறையிலிருந்து போகும் பாரைசோ ரப்பர் அருங்காட்சியகத்தைத் தவற விடாதீர்கள். ஒரு திரைப்படத்துக்காகப் போட்ட அரங்கைத்தான் அப்படியே வைத்திருக்கிறார்கள். பழைய கட்டடம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஆனாலும் வேலை முறையை ஒழுங்காகக் காட்டுகிறார்கள். அங்கே நம் தோட்டம் மாதிரி வரிசையாக நட்ட நிரை கிடையாது. காட்டில் ஹெக்டேருக்கு ஓரிரண்டு மரம்தான் இருக்கும். ஒருவருக்கு நூறு, நூற்றைம்பது மரத்தைச் சுற்றி வரும் ஒற்றையடிப் பாதை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். பால் பிடிக்கும் மங்குக்குப் பதில் தகரக் குவளை. அதன் விளிம்பைப் பட்டையிலேயே குத்தி நிறுத்துவார்கள். அமிலம் ஊற்றிப் பாலை உறையவைத்துத் தகடு போடுவதும் இல்லை. பனங்கொட்டையை எரித்து, அந்தப் புகைமேல் ஒரு கட்டையைச் சுழற்றிக்கொண்டே பாலை ஊற்ற ஊற்ற, அது அடுக்கடுக்காக உறைந்து பெரிய உருண்டையாகும். வெட்டுகிறவரின் கண்ணும் நெஞ்சும் கெட்டது இந்தப் புகையில்தான். அங்கேயே முதலாளியின் கடையும் இருக்கிறது. அரிசி, உப்பு, தோட்டா எல்லாம் கடனில். கணக்குப் புத்தகம் முதலாளி கையில். கடன் தீராமல் கிளம்ப முடியாது. கங்காணி காலத்துக் கணக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வழிகாட்டி விளக்க வேண்டியதில்லை.

மாதத்தைப் பொறுத்தவரை, மழையைவிட ஆற்று மட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ரியோ நீக்ரோ ஆறு ஒரே வருடத்தில் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஜூனில் உச்சம், அக்டோபர், நவம்பரில் அடிமட்டம். மே முதல் ஜூலை வரை வெள்ளம் புகுந்த காட்டுக்குள் மர உச்சிகளுக்கு நடுவே படகிலேயே போகலாம். செப்டம்பருக்கு மேல் மணல் கரைகள் வெளிப்படும், நடக்க வசதி. ஆனால் சிறு ஓடைகள் வற்றிப் படகு போகாத இடங்கள் உண்டு. 2023-லும் 2024-லும் ஆறு வரலாறு காணாத அளவு வற்றியதில் சுற்றுலாப் படகுகள் பல நின்றுபோயின. வயதானவர்களுக்கு ஜூலையே தோது.

கருநிற ரியோ நீக்ரோவும் சேற்று நிற சோலிமோயிஸும் கலக்காமல் சில கிலோமீட்டர் தூரம் பக்கம் பக்கமாக ஓடும் இடம் மனாவுஸுக்கு அருகில்தான். முன்னது வெதுவெதுப்பு, மெதுவான ஓட்டம். பின்னது குளிர்ச்சி, வேகம், மண் பாரம். அதனால்தான் சட்டென்று கலப்பதில்லை. படகிலிருந்து கையை நீரில் விட்டால் கோடு தாண்டும்போது குளிர்ச்சி தெரியும். தங்கும் விடுதியை ரியோ நீக்ரோ பக்கமே எடுங்கள். அந்த நீரில் அமிலத்தன்மை அதிகம், கொசு குறைவு.

பால்மரத்தின் தாய்நாட்டிலேயே ரப்பர் தோட்டம் ஏன் நிலைக்கவில்லை? ஃபோர்டு கார் முதலாளிகூடத் தோற்றாராமே?
*– சிறுதோட்டக்காரர், லிந்தாங்*

தோற்றார். 1928-இல் தபஜோஸ் கரையில் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ஊரையே கட்டினார் ஹென்றி ஃபோர்டு. அமெரிக்க மாதிரி வீடு, மருத்துவமனை, தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் எல்லாம் எழுந்தன. 1930-இல் சாப்பாட்டுக்கூட ஏற்பாட்டில் தொடங்கிய தகராறு கலவரமாகி, நிர்வாகிகள் ஓட வேண்டியதாயிற்று. அதைக்கூடச் சமாளித்தார்கள். இலைக் கருகல் நோயைத்தான் சமாளிக்க முடியவில்லை.

தென் அமெரிக்க இலைக் கருகல் ஒரு பூஞ்சண நோய். செந்தளிராக இருக்கும் இளம் இலையைத்தான் பிடிக்கும். முற்றிய இலையை அவ்வளவாகத் தொடாது. இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், தளிர் கருகி உதிரும். மரம் மறுபடி தளிர்க்கும், அதுவும் உதிரும். இப்படி நாலைந்து முறை ஆனால் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். காட்டில் மரத்துக்கு மரம் தூரம் இருப்பதால் நோய் தாவுவதில்லை. நிரையாக நட்டு, இலையோடு இலை உரசும்போது ஒரு மரத்தில் வந்தது தோட்டம் முழுக்கப் பரவிவிடும்.

1934-இல் பெல்தேராவில் இரண்டாவது தோட்டம் போட்டார்கள். வேர் ஒன்று, பால் தரும் தண்டு இன்னொன்று, நோய் தாங்கும் தலைப்பகுதி வேறொன்று என்று ஒரே மரத்துக்கு இரண்டு முறை ஒட்டுக்கட்டினார்கள். ஒட்டுக்கட்டுக்கு எவ்வளவு ஆள் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 1945-இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டு ஃபோர்டு நிறுவனம் வெளியேறியது. இன்று பிரேசில் ரப்பரில் பெரும்பகுதி சாவோ பாவ்லோ மாநிலத்திலிருந்து வருகிறது. தளிர் விடும் காலத்தில் அங்கே வறட்சி இருப்பதால் நோய் தப்பிவிடுகிறது.

பார்க்க விரும்புகிறவர்கள் சந்தாரெம் நகரத்துக்குப் போங்கள். பெல்தேரா அங்கிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஃபோர்ட்லாண்டியாவுக்கு ஆற்றுப் படகில்தான் போவார்கள், பல மணி நேரம் பிடிக்கும். முட்டி வலிக்காரர்கள் பெல்தேராவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த நோய் ஆசியாவுக்கு இன்னும் வரவில்லை. உலக இயற்கை ரப்பரில் 90 விழுக்காட்டுக்கு அருகில் ஆசியாவில்தான் விளைகிறது, அந்த மரங்களுக்கோ இந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. பூஞ்சண வித்து துணியிலும் செருப்பிலும் ஒட்டி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே அமேசானைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள், கடைசியில் வேண்டாம். பால்மரத்தடியில் நடந்த அன்றே உடுப்பைச் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி நன்றாகக் காயவையுங்கள். செருப்பின் அடிப்பள்ளத்தில் இருக்கும் மண்ணைப் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். தொப்பி, கண்ணாடி, கைப்பை, கேமரா வார் ஆகியவற்றையும் துடையுங்கள், மறப்பது இவற்றைத்தான். இலை, கன்று, கட்டை, மண் எதுவும் பெட்டியில் வரக்கூடாது. மனாவுஸ் சந்தையில் பால்மர விதையைக் கோத்த மாலைகள் அழகாகத் தொங்கும், ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஊர் திரும்பியதும் விமான நிலையத்துத் தாவரச் சோதனை அதிகாரியிடம் ரப்பர் பகுதிக்குப் போனதைச் சொல்லிவிடுங்கள். ஒரு வாரமாவது சொந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். வெட்டுக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்த ஜப்பான்காரன் காலத்தில் பிரேசிலிலும் ரப்பருக்காக ஆள் பிடித்தார்கள் என்று படித்தேன். சரியா?
*– ஆசிரியை, சுங்கை சிப்புட்*

சரிதான். 1942-இல் மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்கு ரப்பர் இல்லாமல் போயிற்று. அமெரிக்காவும் பிரேசிலும் ஒப்பந்தம் போட்டு, வறட்சியில் தவித்த வடகிழக்கு மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ 55,000 பேரை அமேசானுக்கு அனுப்பின. அவர்களுக்கு ரப்பர் படைவீரர் என்று பெயர். மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்களுக்கு 1988 அரசியல் சட்டம் மாதம் இரண்டு குறைந்தபட்சச் சம்பள அளவு ஓய்வூதியம் கொடுத்தது. அதே 1988 டிசம்பர் 22-இல்தான், காடழிப்பை எதிர்த்துத் தொழிலாளர்களைத் திரட்டிய ரப்பர் வெட்டுத் தொழிலாளி சிக்கோ மென்டிஸ், ஆக்ரி மாநிலத்துச் சபூரியில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் தொழிற்சங்கக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

விசா, ஊசி என்னென்ன வேண்டும்?
*– பயணக் குழுவினர்*

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிருந்து போகிறவரிடம் பிரேசில் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. அதனால் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். கேட்பது நம் நாடு. பிரேசிலிலிருந்து திரும்பும்போது அந்த ஊசிச் சான்றிதழான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் தனிமைப்படுத்தலாம், 6 நாள் வரை. ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாதவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அமேசானில் மலேரியாவும் உண்டு. மாத்திரை வேண்டுமா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள்.

முட்டி வலிக்காரர்கள் ரியோவிலும் இகுவாசுவிலும் எதைப் பார்க்கலாம்?
*– வாசகர், பாடாங் ரெங்காஸ்*

இரண்டும் முடியும். ரியோவில் 710 மீட்டர் உயரக் கொர்கோவாடோ மலைமேல் 1931-இல் எழுந்த இயேசு சிலைக்குப் பல்சக்கர ரயில் போகிறது. மேலே லிஃப்ட்டும் நகரும் படியும் உண்டு. மேகம் மூடினால் 30 மீட்டர் சிலையில் பாதம்கூடத் தெரியாது. அன்று காலை கீழேயிருந்து பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள். ரயில் போகும் தீஜுகா காடு, காப்பித் தோட்டம் போட்டு மொட்டையாக்கிய மலையில், ஊருக்குக் குடிநீர் வற்றிப்போனதும் 1861 முதல் திரும்ப நட்டு வளர்த்த காடு. பெட்டிக்குள் நல்ல இருக்கைக்கு அடித்துக்கொள்ளாமல் ஜன்னல் வழியே அந்த மரங்களைப் பாருங்கள்.

இகுவாசுவில் சுமார் 275 அருவிகள். பிரேசில் பக்கம் 1.2 கிலோமீட்டர் நடைபாதையில் படிகள் இருக்கின்றன. முடியாதவர்கள் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய் லிஃப்ட்டில் இறங்கினால் பெரிய அருவிக்கு எதிரே நிற்கலாம். அர்ஜென்டினா பக்கம் அருவியின் தலைமேலேயே போகலாம், நடை அதிகம். குவாட்டி என்ற நீள மூக்குப் பிராணி, பத்துமலைக் குரங்கு மாதிரி, பிளாஸ்டிக் பை சரசரத்தாலே பாய்ந்து பிடுங்கும். கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டிவரும். சாப்பாட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?
*– வாசகி, சுங்கை சிப்புட்*

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். மதியம் எடைக்குக் காசு வாங்கும் கடைகளுக்குப் போங்கள். சோறு, காய்கறி, பொரித்த வாழைப்பழம் என்று வேண்டியதைத் தட்டில் எடுத்துத் தராசில் வைத்தால் போதும். கறுப்புப் பயற்றுக் குழம்பில் பெரும்பாலும் பன்றியோ மாடோ கிடக்கும். "செம் கார்னி" (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும், பலர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "செம் ஃப்ராங்கோ, செம் ப்ரசூன்டோ" (கோழி வேண்டாம், பன்றித் துண்டு வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காலையில் மரவள்ளி மாவில் சுடும் தபியோக்கா அடை, தேங்காயோ சீஸோ வைத்து வாங்கலாம்.

ரைஸ் குக்கரை வீட்டில் விட்டுவிடுங்கள், அம்மா. ரியோ, மனாவுஸ் இரண்டிலும் மின்சாரம் 127 வோல்ட். நம் ஊர் 240 வோல்ட் குக்கர் அங்கே கால்பங்கு சூடுதான் தரும். அரிசி வேகாமல் ஊறிக் கஞ்சியாகும். பிரேசிலியா போன்ற ஊர்களில் 220 வோல்ட், அங்கே வேகும். அதற்காக ஒரு குக்கரைச் சுமப்பானேன்? கைப்பேசி சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் எங்கும் செல்லும். மூன்று உருண்டைக் கம்பி உள்ள பிரேசில் பிளக் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.