இறுவட்டில் பிழையா, ரீவியில் பிழையா?

கேள்வி (சுன்னாகம்): எங்கள் கலியாண வீடியோ கசற்றைக் கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். கணினியில் போட்டால் ஆட்கள் அசையும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கிழிகிறது. அடியில் ஒரு பட்டை நடுங்குகிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். நம் நாட்டு ரீவியின் 'பால்' (PAL) என்ற முறையில் வினாடிக்கு 25 பிரேம், அதாவது 25 முழுப் படம். ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வரும்: ஒற்றை எண் கோடுகள் ஒரு தரம், இரட்டை எண் கோடுகள் அடுத்த தரம். பழைய குழாய் ரீவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது. கணினி இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால், இடையில் நகர்ந்துவிட்ட கை இரண்டு இடத்தில் தெரிகிறது. கணினியில் வீடியோ காட்டும் விஎல்சி மென்பொருளில், இந்தக் கிழிசலைச் சரிசெய்யும் 'டீஇன்டர்லேஸ்' வசதியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் போகாவிட்டால், கடையில் மாற்றும்போதே பாதிகளைக் குழப்பியிருக்கக்கூடும். அப்போது கசற்றிலிருந்து மறுபடி எடுக்கத்தான் வேண்டும். கடைக்காரர் என்ன சொன்னாலும் கசற்றை எறியாதீர்கள்.

அடிப்பட்டை பிழையே அல்ல. கசற்றை ஓட்டும் வீடியோ டெக்கில் நாடாவைப் படிக்கும் சுழலும் தலைகள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடம் அது. எல்லா விஎச்எஸ் கசற்றிலும் இருக்கும். பழைய ரீவிகள் படத்தின் ஓரங்களை மறைத்ததால் அன்று நம் கண்ணில் படவில்லை.

இன்னொன்று: நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். தலையும் அழுக்காகும், அடுத்த கசற்றுக்கும் தொற்றும்.

கேள்வி (பருத்தித்துறை): நாலு படம் உள்ள ஒரே டிவிடி வாங்கினேன். இருட்டுக் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறதே?

மலிவு பார்த்தால் அப்படித்தான். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி இடம். பத்து மணி நேரத்தை அதில் அடைத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட் தரவுதான் மிஞ்சும். பழைய விசிடியின் படத்துக்கே 1.15 இருந்தது! டிவிடி 9.8 வரை தாங்கும். அழிந்த விவரம் திரும்பாது. ரீவியில் 'ஷார்ப்னஸ்' அளவைக் குறைத்தால் கட்டங்கள் கொஞ்சம் அடங்கும்.

கேள்வி (கொக்குவில்): ரொறொன்ரோவிலிருந்து சித்தி அனுப்பிய சாமத்திய வீட்டு டிவிடி எங்கள் பழைய ரீவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது.

கனடாவில் என்ரிஎஸ்சி முறை: 480 கோடு, வினாடிக்கு ஏறக்குறைய 30 பிரேம். நமக்குப் பால் முறை, 576 கோடு. அவர்கள் முறையின் நிறம் உங்கள் பழைய ரீவிக்குப் புரியவில்லை. பிளேயரின் செற்றிங்கில் ரீவி வகை 'ஓட்டோ' என்றிருந்தால் 'பால்' ஆக்குங்கள், நிறம் வந்துவிடும். எந்த நாடுகளில் ஓடலாம் என்று டிவிடியில் போடும் பிராந்தியக் குறியீடு இதற்குக் காரணமில்லை. வீட்டில் எழுதிய இறுவட்டில் அது இருக்காது.

கேள்வி (சாவகச்சேரி): புது ரீவியில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்.

4:3 படத்தை 16:9க்கு இழுத்திருக்கிறது. ரிமோட்டில் மாற்றுங்கள்.

கேள்வி (காரைநகர்): படம் நடுவில் நின்று நின்று ஓடுகிறது. பற்பசை தேய்த்தால் சரியாகுமா?

வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாக அல்ல. சீடி, விசிடி என்றால் பெயர் எழுதும் பக்கத்தையும் கவனியுங்கள். தரவுப் படலம் அதற்குச் சற்றுக் கீழேதான், அங்கே கீறினால் மீட்சியில்லை. டிவிடியில் அது 0.6 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டுக்கு நடுவே கிடக்கும். இரண்டு தரவுப் படலம் உள்ள 8.5 ஜிபி அசல் டிவிடி ஒரே இடத்தில் ஒரு கணம் மட்டும் நின்றால், அது படலம் மாறும் இடம், விட்டுவிடுங்கள். மற்றபடி, துடைத்த இறுவட்டை அயல்வீட்டுப் பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் உங்கள் பிளேயரின் லென்ஸைத்தான் துடைக்க வேண்டும்.