கூட்டுக்குள் டார்ச்சை வைத்துவிட்டு வெளியே வந்து பாருங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. 10 பெட்டை, 1 சேவல் என்று நாட்டுக்கோழி வளர்க்க ஆசை. இதுவரை வளர்த்ததில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய தகரமும் ஒரு சுருள் கோழி வலையும் இருக்கின்றன. அதை வைத்தே கூடு போட்டுவிடலாமா? வருகிற வாரச் சந்தையில் கோழி பிடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: சந்தையைத் தள்ளிப் போடுங்கள். கோழி வந்தபின் கூடு போட்டால் அவசரத்தில் நாலு மூலையில் ஒரு மூலை ஓட்டையாகத்தான் நிற்கும். பகலில் கோழிக்குக் கூடே வேண்டியதில்லை, ஒரு முருங்கை நிழல் போதும். நீங்கள் கட்டப்போவது ராத்திரிக்கு. அதனால் எந்த முடிவை எடுத்தாலும், கோழி கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை நினைத்து எடுங்கள்.

அளவு சுலபம். அடைய ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்றால் 11 கோழிக்கு 22 சதுர அடி. ஆனால் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்து குஞ்சுகளோடு எழுந்தால் கணக்கு மாறிவிடும். 6 அடிக்கு 8 அடி போட்டுவிடுங்கள். நடு உயரம் 7 அடி வேண்டும். இடுப்பு உயரக் கூடு செலவு குறைவுதான். ஆனால் குனிந்து கூட்ட வேண்டிய கூட்டை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் கூட்டுவதில்லை, நான் உட்பட. மேய ஒரு கோழிக்கு 10 சதுர அடி கணக்கு. உங்களிடம் 650 சதுர அடி இருக்கிறது, கவலையில்லை.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். தரையை 1 அடி உயர்த்தி, செம்மண் கொட்டித் திமிசு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை சாய்ந்து அடிக்கும். கூரை சுவரைத் தாண்டி 3 அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். உங்கள் தகரம் மழைக்கு நல்லது, சித்திரை வெயிலுக்கு அடுப்பு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டிவிடுங்கள், அல்லது சுண்ணாம்பாவது அடியுங்கள். கீற்று மட்டும் போட்ட கூரை இன்னும் குளிர்ச்சிதான். ஆனால் அதில் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

இனி அந்த வலை விஷயம். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழி வலை, கோழி தாண்டிப் போகாமல் மறிக்கத்தான் லாயக்கு. நாய் நாலு இழுப்பில் கிழித்துவிடும். என் முதல் கூட்டை அந்த வலையில்தான் போட்டேன். ஆணி அடித்து, நன்றாக இழுத்துக் கட்டி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால் ஆறு பெட்டைகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்தில்தான் காயம். ஒன்றையும் தின்னவில்லை. கீரி வலையைத் தொடவே இல்லை. பின்மூலையில் ஈர மண்ணைப் பறித்து அடியில் நுழைந்திருந்தது. துவாரம் என் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

ஆகவே கூட்டைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் அரை இஞ்சு கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை. சுவருக்கு அடியில் அஸ்திவாரம் 1 அடியாவது இறங்கட்டும். சுவர் வேண்டாம் என்றால் அதே மெஷ்ஷை 1 அடி ஆழம் புதைத்து, அடியில் வெளிப்பக்கமாக மடித்து மண்ணைத் தள்ளுங்கள். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும், கம்பியில் முட்டியதும் விட்டுவிடும். கையிலிருக்கும் கோழி வலை வீணாகாது. குஞ்சுகள் மேயும் இடத்துக்கு மேலே கட்டினால் காக்காய்க்கும் பருந்துக்கும் அது போதும்.

வேலை முடிந்த அன்று ராத்திரி ஒரு சோதனை. கூட்டுக்குள் டார்ச்சை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். கதவின் அடியில், சுவரும் தகரமும் சேருமிடத்தில், எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். விரல் போனால் குட்டிப் பாம்பும் போகும். சிமென்ட் பூசுங்கள், சட்டம் அடியுங்கள். மறுநாள் கூரை மேல் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றி, உள்ளே எங்கே சொட்டுகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

ஓட்டையை அடைக்கிறேன் என்று காற்றையும் அடைத்துவிடாதீர்கள். கூரைக்குக் கீழே மெஷ் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் கீழிருந்து மேலே சாக்குப் படுதா கட்டுங்கள். மேலே ஒரு சாண் விட்டுவிடுங்கள். விடியற்காலையில் கதவைத் திறந்ததும் கோழி உட்காரும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது. சளி நோய்க்கு அதுவே வாசல்.

தரையில் 2, 3 இஞ்சு நெல் உமியோ கடலைத்தோலோ பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறுங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

அடைய 2 அடி உயரத்தில் சவுக்குக் கம்பு, சிராய் இல்லாமல் செதுக்கியது. ஒரு கோழி உட்கார 8 இஞ்சு நீளம். இரண்டு கம்பு போட்டால் ஒரே மட்டத்தில் போடுங்கள், இல்லையென்றால் மேல் கம்புக்குச் சண்டை நடக்கும். முட்டையிட வைக்கோல் போட்ட கூடையோ உடைந்த பானையோ போதும், நாலைந்து பெட்டைக்கு ஒன்று. இருட்டு மூலையில், கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரத்தில் வைத்தால் அதிலேயே தூங்கி எச்சமிடும். வெளியே ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து கொட்டி வையுங்கள். புரண்டு புரண்டு, உடம்பில் ஒட்டும் செல் பூச்சியையும் பேனையும் அவையே உதறிக்கொள்ளும். தீவனத்தை ராத்திரி கூட்டுக்குள் விடாதீர்கள். எலிக்கு அது அழைப்பு.

கோழி எங்கே வாங்குவது? சந்தை வேண்டாம் என்பது என் கட்சி. பல ஊர்க் கோழி ஒரே கூடையில் நின்றிருக்கும். வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய் ஒன்றிடம் இருந்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடும். பக்கத்தில் வளர்ப்பவரிடம் 3 மாத விடைக்கோழிகளாக, அதாவது இளங்கோழிகளாக வாங்குங்கள். 8-வது வாரக் கழிச்சல் ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமையும் விட்டுவிடாதீர்கள். ஒருநாள் குஞ்சு மலிவுதான், ஆனால் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு காட்ட வேண்டும். பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொண்டுவந்ததும் ஒரு வாரம் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனி போடுங்கள். எட்டாம் நாள் பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பு கதவைத் திறந்துவிட்டு, உள்ளே கொஞ்சம் கம்புத் தானியத்தைத் தூவி வையுங்கள். விரட்டாதீர்கள். இருட்டு கட்டும்போது அவையே ஒவ்வொன்றாக ஏறி உட்காரும். தலையை எண்ணிவிட்டு, கொக்கியைப் போடுங்கள்.