கோர்ட்டுக்கு ஃபேக்ஸ் போட்டால் செல்லுமா?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். ஊரில் அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். முன்சீப் கோர்ட் சம்மனை ஏப்ரல் 4 அன்று அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். ஏப்ரல் 28-ல் ஆஜராக வேண்டுமாம். எனக்கு லீவு கிடைக்காது. கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், "வெள்ளைத்தாள்ல நாலு கையெழுத்து போட்டு கூரியர்ல அனுப்புங்க சார், பதிலை நானே டைப் பண்ணி கோர்ட்டுக்கு ஃபேக்ஸ் போட்டுடறேன், 5,000 ரூபாய்" என்கிறார். ஃபேக்ஸ் செல்லுமா?

பதில்: செல்லாது. பணத்தை அனுப்பாதீர்கள். கையெழுத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஃபேக்ஸ் என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. 2002-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், கட்டளை 5, விதி 9-ல் அதைச் சேர்த்தார்கள். கோர்ட் உங்களுக்குச் சம்மன் அனுப்பும் வழிகளைச் சொல்லும் விதி அது. ரிஜிஸ்தர் தபால், ஸ்பீட் போஸ்ட், கூரியர் என்று அடுக்கிவிட்டு, உயர் நீதிமன்ற விதிகள் இடம் கொடுத்தால் ஃபேக்ஸ், மின்னஞ்சலும் ஆகலாம் என்கிறது. நீங்கள் பதிலை ஃபேக்ஸில் அனுப்பலாம் என்று அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. கடைக்காரர்கள் அந்தச் சொல்லை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் படிக்க மாட்டார்கள்.

பதிலுரையில் நீங்களும் வக்கீலும் கையெழுத்திட வேண்டும். கடைசியில் சரிபார்ப்பு வாசகம், கூடவே பிரமாணப் பத்திரம். வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில், கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், வக்கீல் சேமநல நிதி ஸ்டாம்ப். மெஷினிலிருந்து வந்து விழும் நகலில் இதையெல்லாம் எங்கே ஒட்டுவது?

பல வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் ஒரு ஃபேக்ஸ் ரசீதைக் கொண்டுவந்தார். பர்ஸில் மடித்து வைத்திருந்த வழவழப்பான காகிதம். தேதி, நம்பர் எல்லாம் வெளுத்துப்போய் ஓரத்தில் 'ஓகே' மட்டும் தெரிந்தது. அந்த 'ஓகே'யை நம்பி ஏழு மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறார். அதற்குள் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது அவர் ஆஜராகாததால் ஒருதலைத் தீர்ப்பு ஆகி, வீட்டை அளக்க கோர்ட் கமிஷனர் வந்துவிட்டார். ஒரு மெஷின் இன்னொரு மெஷினைத் தொட்டது என்பதற்கு மேல் அந்த ரசீதுக்கு அர்த்தம் கிடையாது.

உங்களுக்கு இரண்டு கெடுக்கள் ஓடுகின்றன. ஒன்று ஏப்ரல் 28. அன்று உங்கள் தரப்பில் யாரும் எழுந்து நிற்காவிட்டால் எக்ஸ்பார்ட்டி. 'அம்மா வாங்கினால் செல்லாது' என்று வாதாட இடமுண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லும் ஊர் ஆலோசனையும் வரும். வாங்க மறுத்தாலும் சம்மன் உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது கெடு பதிலுரைக்கு: 30 நாள். காரணம் சொன்னால் 90 வரை நீட்டுவார்கள். ஏப்ரல் 4-ஐ விட்டுவிட்டு எண்ணினால் முப்பதாவது நாள் மே 4. கோடை விடுமுறை. இங்கேதான் எல்லோரும் குழம்புவார்கள், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்தாலும் கெடுவுக்குள் செய்ததாகவே கணக்கு. 1897-ம் வருடப் பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 10. ஆனால் முதல் நாள் என்றால் முதல் நாள்தான். மறுநாள் போனால் தாமதம். கெடு ஏப்ரல் 29-ல் முடிந்திருந்தால் மே விடுமுறையால் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. விடுமுறை நடுவில் வந்து, கெடு அதற்கப்புறம் முடிந்தாலும் அந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள். பதிலுரைக்குக் கிடைத்த இந்தச் சலுகையால் ஏப்ரல் 28 நகராது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அந்த நாலு வெள்ளைத்தாளுக்கு வருவோம். பாகப்பிரிவினை வழக்கில் அவற்றில் ஒன்று ராஜிநாமா மனுவாக, அதாவது சமரச மனுவாக மாறலாம். 'எனக்குப் பங்கு வேண்டாம், சம்மதம்' என்று மேலே டைப் செய்தால் போதும், சமரச டிக்ரி. அதன்மேல் அப்பீல் கிடையாது. கையெழுத்து உங்களுடையது என்பதால், மோசடி என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான். பெயர் நிரப்பாத வக்காலத்தும் இதே ரகம்: அது எந்த வக்கீல் மேஜைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. அண்ணன் வக்கீலின் ஜூனியருக்கே போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த ஊர் கோர்ட்டில் ஆஜராகும் வக்கீல் ஒருவரிடம் நேரடியாகப் பேசுங்கள். சம்மனோடு வழக்குரையின் நகல் வந்திருக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டு வாங்கி வக்கீலுக்கு அனுப்புங்கள். வக்கீல் தன் பெயரை நிரப்பி அனுப்பும் வக்காலத்தில் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் வைத்துக் கையெழுத்திட்டு, அசலைக் கூரியரில் போடுங்கள். வழக்கு நீளும்; எனவே மனைவிக்கோ மைத்துனருக்கோ பவர் எழுதிக் கொடுப்பதும் நல்லது. வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும்.

இ-ஃபைலிங் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வழக்காடியே பதிவு செய்துகொள்ளலாம். பிடிஎஃப் ஏற்றி, சர்வர் தொங்கி, மறுபடி ஏற்றி, எல்லாம் முடிந்த பிறகு 'பேப்பர் கட்டு எங்கே?' என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். காகிதத்தை ஒழிக்க வந்த திட்டத்துக்கே காகிதம் வேண்டியிருக்கிறது. ஷார்ஜாவில் இருந்துகொண்டு இதோடு மல்லுக்கட்டாதீர்கள், வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும்.

வழக்குக்கு சிஎன்ஆர் எண் என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கும். வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால், அடுத்த வாய்தா எதற்காக என்பது தெரியும். ஏப்ரல் 28 சாயங்காலம் பாருங்கள். பதிலுரைக்கு என்று இருந்தால் சரி. எக்ஸ்பார்ட்டி என்று ஏதாவது கண்ணில் பட்டால் அன்றே வக்கீலுக்குப் போன் போடுங்கள். டிக்ரி ஆவதற்கு முன் சரிசெய்வது சுலபம். ஆகிவிட்டால் ரத்து கோரி மனுப் போட 30 நாள்தான்.