இரண்டாயிரம் ரூபாய்க்குள் சைக்கிள் ஸ்டாண்டு: எதை வாங்கலாம்?

கேள்வி: மதுரையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். 21 கியர், டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் வைத்திருக்கிறேன். செயின் சுத்தம் செய்வது, கியர் சரிசெய்வது போன்றவற்றை வீட்டிலேயே செய்துகொள்ள ஆசை. இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஸ்டாண்டு கிடைக்குமா? அதுவரை வண்டியைக் கவிழ்த்து வைத்து வேலை செய்யலாமா?

பதில்: கிடைக்கும். ஆனால் வண்டியை அந்தரத்தில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் ஸ்டாண்டை இந்த விலைக்கு வாங்காதீர்கள். உங்களுடையதைப் போன்ற சைக்கிள் பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டும். மலிவான கிளாம்புகளில் அந்தக் கனத்தைத் தாங்கும் தலைப்பகுதி பிளாஸ்டிக்காக இருக்கும். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான். பெடலைக் கொஞ்சம் அழுத்திச் சுற்றினேன், பிடி நழுவி வண்டி வலப்பக்கமாக விழுந்தது. கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் பாகமான டீரெய்லரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு லேசாக வளைந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு எந்த கியரும் சரியாக விழவில்லை.

நீங்கள் சொல்லும் வேலைகளுக்குப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழன்றால் போதும். பழைய கேரியர் சைக்கிளில் ஸ்டாண்டு போட்டாலே பின்சக்கரம் தூக்கிக்கொண்டு நிற்கும். கியர் சைக்கிளில் பெரும்பாலும் சைடு ஸ்டாண்டுதான் வருகிறது. அந்தக் குறையைத் தீர்க்கத் தனியாக விற்கும் பின்சக்கர ஸ்டாண்டை வாங்குங்கள். உங்கள் பணத்தில் மிச்சமும் இருக்கும். அச்சின் இரு முனைகளையும் தாங்கும் வகையே உங்களுக்கு ஏற்றது. பிரேமின் இடப்பக்கக் கம்பிகளில் கொக்கி மாட்டும் வகையில், கொக்கி டிஸ்க் பிரேக்கில் இடிக்க வாய்ப்பு உண்டு. உயரத்தை மாற்ற முடிகிறதா, உங்கள் சக்கர அளவுக்குப் பொருந்துமா என்று கடையிலேயே வண்டியை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதா? அப்படியானால் பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரண்டு நைலான் கயிறுகளில் ஒன்றை சீட்டின் மூக்குக்குக் கீழேயும் இன்னொன்றை ஹேண்டில்பாரிலும் கட்டி, செயின் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரும்படி தொங்கவிடுங்கள். கொஞ்சம் ஆடும், ஆனால் செயினைத் துடைக்கவும் எண்ணெய் விடவும் தாராளமாகப் போதும். கொக்கி கான்கிரீட்டில் பதித்ததாக இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் பக்கமே போகாதீர்கள்.

கவிழ்த்து வைப்பது பற்றிக் கேட்டீர்கள். பிரேக் கேபிளில் இயங்கினால், கைப்பிடிகளுக்கு அடியில் பழைய துண்டைப் போட்டுக் கவிழ்க்கலாம். குழாயில் உள்ள திரவத்தின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் தவிர்த்துவிடுங்கள். லீவர் பக்கத்தில் இருக்கும் காற்று குழாய்க்குள் ஏறினால் பிரேக் பிடிக்காமல் போகலாம். ஏற்கெனவே கவிழ்த்திருந்தால், நிமிர்த்தியபின் லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்திப் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

பிற்பாடு கையில் பணம் சேர்ந்து நல்ல கிளாம்ப் ஸ்டாண்டு வாங்கினால், எப்போதும் சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டில் மட்டும் பிடியுங்கள். பிரேம் குழாயின் சுவர் மெல்லியது, இறுக்கினால் நசுங்கும். அப்புறம், பெடல் கழற்றுவது போன்ற பலம் கொடுக்கும் வேலைகளை எந்த ஸ்டாண்டிலும் செய்ய வேண்டாம். வண்டியைத் தரையில் நிறுத்தியே செய்யுங்கள். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.