புத்தாண்டும் விசுவாசமும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

பல வருடங்களுக்கு முன் இருந்த ஆர்வம் இப்போது இல்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன், அவ்வளவுதான். இந்தப் புத்தாண்டிலாவது விசுவாசத்தைப் புதுப்பிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். எபேசு சபை உழைப்பிலும் பொறுமையிலும் குறை வைக்காத சபை. கள்ள அப்போஸ்தலரைச் சோதித்து அறியவும் தெரிந்த சபை. அதன்மேல்தான் ‘ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்’ என்ற குறை வருகிறது. அதற்கு மருந்தாக 5-ஆம் வசனம் மூன்று வேலைகளை வரிசையாகச் சொல்கிறது: எங்கிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். பழைய உணர்ச்சியை வரவழைத்துக்கொள் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. டிசம்பர் 31 இரவு அழுது ஜெபித்தவர்கள் ஜனவரி பாதியில் பழையபடி ஆகிவிடுவதற்குக் காரணம், உணர்ச்சி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதுதான்.

ஒரு மணி நேரம் ஒதுக்கி நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். அன்று செய்து இன்று செய்யாதவற்றை எழுதுங்கள்: காலை ஜெபம், நோயாளிகளைப் பார்க்கப் போனது, காணிக்கை, பாட்டு, எதுவானாலும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எப்போது, எதனால் நின்றது என்று எழுதுங்கள். இந்த இரண்டாவது பத்தியை எழுதாமல் விடாதீர்கள். காரணத்துக்குக் காரணம் மருந்து மாறும். வேலை நேரம் மாறியதால் நின்றிருந்தால் ஜெப நேரத்தை மாற்றினால் போதும். சபையில் யாரோடோ மனஸ்தாபம் என்றால், மத்தேயு 5:23-24 சொல்கிறபடி காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவரிடம் போக வேண்டும். ஒருவருக்குப் பண விஷயத்தில் அநியாயம் செய்திருந்தால் ஜெபம் மட்டும் போதாது. சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். நீங்கள் அசலையாவது கொடுங்கள். மறைவான பாவம் என்றால், கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகலாம். மற்றவர்கள் யாக்கோபு 5:16-இன்படி வாய் காக்கத் தெரிந்த முதிர்ந்த ஒருவரிடம் அறிக்கையிடலாம்.

வெறும் களைப்புதான் காரணமாகவும் இருக்கலாம். 1 இராஜாக்கள் 19-இல் ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டு முறை தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தான், நடுவில் தூங்கவும் விட்டான். அடுத்த பணியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து ஆறு வாரம் செய்யுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் தொடங்குகிறவர்கள், ஒன்று தவறியதும் ஐந்தையும் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமத்தை முழுதும் வாசிக்கத் தொடங்குகிறேன். பிப்ரவரியைத் தாண்டியதே இல்லை. என்ன தவறு?

தவறு அட்டவணையில் இருக்கிறது. 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் முடிந்துவிடும். (கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள், எனவே அளவு கூடும்.) கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமத்திலிருந்து நேராக இந்த வேகத்தில் போனால் ஜனவரி நான்காம் வாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்துவிடும். அங்கிருந்து லேவியராகமம், எண்ணாகமம் என்று பிப்ரவரி பாதிவரை பலிமுறைகளும் ஜனத்தொகைக் கணக்கும்தான் பெரும்பகுதி. புதிதாகப் பழகுகிறவர் அங்கே நிற்பதில் ஆச்சரியமில்லை.

அதனால் இரண்டு தடமாக வாசியுங்கள்: பழைய ஏற்பாட்டில் இரண்டு அதிகாரம், கூடவே ஒரு சங்கீதமோ சுவிசேஷப் பகுதியோ. ஒன்று வறண்டாலும் மற்றது இழுத்துச் செல்லும். 1842-இல் ஸ்காட்லாந்து போதகர் ராபர்ட் மரே மெக்செயின் தன் சபையாருக்குத் தந்த அட்டவணையும் ஒரே நாளில் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வாசிக்கும் முறைதான். ஒரே வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை முடியும். ஆனால் நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம் ஆகும், ஆரம்பத்தில் வேண்டாம்.

இன்னும் எளிது: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்துக்குச் சரியாக வரும். சனியும் ஞாயிறும் விட்டதைப் பிடிக்க உதவும். பலமுறை தோற்றவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். சங்கீதம் மட்டும் போதும் என்றால், தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள்: 1-ஆம் தேதி 1, 31, 61, 91, 121. முப்பது நாளில் 150-ம் முடியும். 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். அது வரும் 29-ஆம் தேதி கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் தவறினால் அந்த நான்கையும் துரத்தாதீர்கள். இன்றைய பகுதியை வாசியுங்கள். விட்டதை ஓரத்தில் குறித்து வையுங்கள்.

வேலை காரணமாக இந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போக முடியவில்லை. ஆண்டு முழுவதும் ஆசீர்வாதம் குறையுமா?

குறையாது. ஆசீர்வாதம் அந்த ஒரு இரவோடு கட்டப்பட்டதல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் காலத்தில் மெதடிஸ்டுகளின் விழிப்பு ஆராதனை பௌர்ணமியை ஒட்டி மாதந்தோறும் நடந்தது. வீடு திரும்ப நிலவொளி வேண்டுமே! இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்ததே மார்ச் 25-இல்தான்.

கடந்த ஆண்டு எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையில் எரேமியா 29:11 (‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’). வேலையும் கிடைக்கவில்லை, கடனும் தீரவில்லை. தேவன் ஏமாற்றிவிட்டாரா?

அட்டையில் அச்சிடாத 10-ஆம் வசனத்தையும் வாசியுங்கள்: எழுபது வருஷம் முடிந்த பிறகு சந்திப்பேன் என்கிறது. அது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னவன் பொய்த் தீர்க்கதரிசி அனனியா. முந்தின அதிகாரத்தில் அவனுடைய முடிவையும் பாருங்கள்.

வசனம் பெறுவதில் தவறில்லை. மொராவிய சபையார் அன்றாடத்துக்கான வசனங்களைச் சீட்டுப்போட்டு எடுத்து 1731 முதல் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். ஆனால் வசனம் கிடைத்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள். யார் யாருக்குச் சொன்னது, எந்த நிலையில் சொன்னது என்று தெரிந்தால், இல்லாத வாக்குறுதியை எதிர்பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை. கடனுக்குத் தனியாக வரவு செலவுக் கணக்கு எழுத வேண்டும். அது அவிசுவாசம் ஆகாது.

குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவன். மறுபடி அர்ப்பணிக்க விரும்புகிறேன். திரும்பவும் எடுக்க வேண்டுமா?

உங்கள் சபையைப் பொறுத்தது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் இரண்டாம் முறை தருவதில்லை. நிசேயா விசுவாசப் பிரமாணம் ஒரே ஞானஸ்நானத்தைத்தான் அறிக்கையிடுகிறது. அங்கே வாக்குறுதிகளைப் புதுப்பிக்க வழி உண்டு: கத்தோலிக்கர் பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில்) செய்கிறார்கள். மெதடிஸ்டுகளுக்கு, தேவனோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் உடன்படிக்கை ஆராதனை இருக்கிறது. வெஸ்லி அதை 1755 ஆகஸ்டில் லண்டனில் நடத்தினார். இப்போது பெரும்பாலும் ஆண்டின் முதல் ஞாயிறுகளில் நடக்கிறது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தையே ஏற்பதில்லை, ஆகவே அவர்கள் பார்வையில் நீங்கள் எடுப்பது முதல் முறை. சபை மாறும் எண்ணமில்லை என்றால் முதலில் உங்கள் போதகரிடம் பேசுங்கள். ரகசியமாக வேறிடத்தில் எடுத்துவிட்டுப் பிறகு வீட்டில் சண்டை வேண்டாம்.

ஜனவரி முதல் மூன்று நாள் உபவாசம் இருக்கலாமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் வரும். ஜெப அறையில் தனியாக இருப்பவருக்கு இது ஆபத்து. உபவாசத்துக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. தானியேல் 10:3-இல் உள்ளது போல ருசியான பதார்த்தங்களை மட்டும் விலக்கலாம். அல்லது செல்போனையும் தொலைக்காட்சியையும் விலக்கி அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம்.

உடல்நலம் உள்ளவர்கள் ஒருவேளை உணவை விடுவதிலிருந்து தொடங்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். முதல் நாள் தலைவலி பலருக்குக் காப்பி நின்றதால் வருவது. சில நாள் முன்பே குறைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். முடிக்கும்போது கஞ்சி போல லேசாக எடுங்கள். மிச்சமான உணவை ஏசாயா 58:7-இன்படி பசித்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.